ரோம் நகரம் துணியா, மரமா? எலிசபெத் காலத்து மேடை ‘வெறும் பலகை’ என்பவர்களுக்கு

#1 பேங்க்சைட் பாண்டியன்

‘மாக்பெத்’ இழையில் எழினி அருளிய வாக்கு இது: “எலிசபெத் காலத்து மேடையில் காட்சியமைப்பு என்று ஒன்று கிடையவே கிடையாது. வெறும் பலகை. காடு, கோட்டை, கடல் எல்லாமே கவிஞனின் வாய்ச்சொல்தான்.” அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு.

இந்தப் பல்லவியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அந்த இழையைக் கெடுக்க வேண்டாம் என்று இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

லண்டன் ரோஸ் அரங்கின் முதலாளி பிலிப் ஹென்ஸ்லோ, அங்கே ஆடிய அட்மிரல் குழு என்ற நாடகக் குழுவின் மேடைச் சாமான்களுக்கு 1598 மார்ச் 10 தேதியிட்டு ஒரு பட்டியல் எடுத்தார். அதில் இருப்பவை சில: பாறை ஒன்று, கூண்டு ஒன்று, கல்லறை ஒன்று, நரக வாய் ஒன்று. டைடோவுக்குத் தனிக் கல்லறை. கட்டில் ஒன்று. ஊசிக்கோபுரம் இரண்டு, மணிக்கொத்து ஒன்று. பொன் ஆப்பிள் காய்த்த மரம், டாண்டலஸின் மரம், வானவில், பாசி மேடு இரண்டு. ஃபேட்டனின் தேர். மூன்று தலை செர்பெரஸ். கால்களோடு ஒரு பெரிய குதிரை. மார்லோ எழுதிய ‘டாக்டர் ஃபாஸ்டஸ்’ நாடகத்து டிராகன். அவருடைய ‘மால்டாவின் யூதன்’ நாடகத்துக்குக் கொப்பரை. சூரிய சந்திரர் துணி. அப்புறம், ரோம் நகரம்.

ரோம் நகரம் ஐயா! ஒரு நகரத்தையே சாமான் அறையில் வைத்துப் பூட்டியவர்களைப் பார்த்தா வெறும் பலகை என்கிறீர்கள்?

#2 எழினி

பாண்டியர் பட்டியலை வாசித்தார், ஒரு வரியை மட்டும் பாதியில் வெட்டிவிட்டார். மூலத்தில் அந்த வரி “இரண்டு மார்சிபன், ரோம் நகரம்” என்று இருக்கிறது. மார்சிபன் என்பது பாதாம் பருப்பும் சர்க்கரையும் அரைத்துச் செய்யும் விருந்துப் பலகாரம். பலகாரத்தோடு ஒரே வரியில் சேர்த்து எழுதப்பட்ட ரோம் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்? மேசைமேல் வைக்கும் மரப் பொம்மையாக இருக்கலாம்.

லண்டனின் ஸ்வான் அரங்கை 1596 வாக்கில் பார்த்த டச்சுக்காரர் யோஹன்னஸ் டி விட் வரைந்த படத்தில் என்ன இருக்கிறது? இரண்டு கதவு, இரண்டு தூண், ஒரு பெஞ்சு, மூன்று நடிகர்கள். மரம் எங்கே? மலை எங்கே? ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’யின் முன்னுரைக்காரன் மேடைக்கு வந்ததும், எங்கள் குறைகளை உங்கள் எண்ணத்தால் நிரப்பிக்கொள்ளுங்கள் என்று கூட்டத்திடம் கெஞ்சுகிறான். பிரான்சையே துணியில் தொங்கவிட முடியுமானால் எதற்காகக் கெஞ்ச வேண்டும்?

#3 பேங்க்சைட் பாண்டியன்

மார்சிபனை நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள், நன்றி. ‘டாக்டர் ஃபாஸ்டஸ்’ நாடகத்தில் ரோமில் நடக்கும் காட்சி எது? போப்பாண்டவரின் விருந்து. ஃபாஸ்டஸ் யார் கண்ணுக்கும் தெரியாமல் நின்று தட்டுகளைப் பிடுங்குகிறான். விருந்து என்றால் பலகாரம் வேண்டாமா? அதே பட்டியலில் போப்பின் மகுடமும் இருக்கிறது, பார்த்தீர்களா? மகுடம், பலகாரம், ரோம், டிராகன். ரோஸில் 1594 செப்டம்பர் 30 அன்று ‘ஃபாஸ்டஸ்’ ஆடியதில் ஹென்ஸ்லோவின் பங்கு 3 பவுண்டு 12 ஷில்லிங். கல்லாவை நிரப்பிய நாடகம் அது. அதற்கு ஒரு நகரத்தை வரைந்து வைக்க மாட்டார்களா?

ரோம் ஒரு தீட்டிய துணி. மேடையின் பின்சுவரில் தொங்கியது. அவ்வளவுதான் விஷயம்.

#4 எழினி

“அவ்வளவுதான் விஷயம்” என்று நீங்கள் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடுமா?

அந்தக் காட்சியில் மெஃபிஸ்டோஃபிலிஸ் என்ற பேய் ஃபாஸ்டஸுக்கு ரோமை விவரிக்கிறான். ஏழு குன்று, நான்கு பாலம், வருடத்தின் நாட்கள் எத்தனையோ அத்தனை பீரங்கி வைத்த கோட்டை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தூபி என்று அடுக்குகிறான். பின்னால் படமாகவே தொங்கினால் இவ்வளவு வாய்வலிக்கு என்ன அவசியம்? சொல்லித்தான் காட்டவேண்டியிருந்தது, அதனால் சொன்னான்.

#5 பேங்க்சைட் பாண்டியன்

தலைகீழாகப் பாருங்கள். படம் இருந்தது, அதனால்தான் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னான். எதுவும் இல்லாத சுவரை நோக்கி “இதோ நான்கு பாலம்” என்று யாராவது எண்ணிக் காட்டுவார்களா?

#6 கணக்குப்பிள்ளை

இருவருக்கும் ஒரு கேள்வி. ஹென்ஸ்லோவின் கணக்கேடு கைவசம் இருக்கிறது, டல்விச் கல்லூரியில் பத்திரமாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் நடக்க ஒரு அங்கியும், நெம்பியா என்பவளுக்கு ஒரு கவுனும் வாங்கிய வகையில் 3 பவுண்டு 10 ஷில்லிங் என்று எழுதியிருக்கிறார். 1595 ஜூனில் தச்சுவேலைக்கும், மேலே ‘சொர்க்கத்தில்’, அதாவது மேடையின் மேற்கூரையில், சிம்மாசனம் வைத்ததற்கும் 7 பவுண்டு 2 ஷில்லிங். தாமஸ் ஹேவுட் ‘அன்பால் கொல்லப்பட்ட பெண்’ எழுதிக் கொடுத்ததற்கு 6 பவுண்டு, அதே நாடகத்தில் ஒரு பாத்திரத்துக்குக் கறுப்பு வெல்வெட் கவுன் 6 பவுண்டு 13 ஷில்லிங். எழுதியவனைவிடத் துணிக்கு விலை அதிகம். இப்படிக் காசு காசாக எழுதிவைத்த மனிதர், ஒரு நகரத்தையே வரைந்த ஓவியனுக்குக் கொடுத்த காசு எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

காசு எங்கே போயிற்றோ அங்கேதான் கண்ணும் போயிற்று. அந்தக் காலத்துக் கூட்டம் உடையைப் பார்க்க வந்தது. அட்மிரல் குழுவின் முதன்மை நடிகர் எட்வர்ட் ஆலன் ஒரே ஒரு வெல்வெட் மேலங்கிக்கு 20 பவுண்டுக்கு மேல் கொடுத்திருக்கிறார். 1599-இல் லண்டன் வந்த தாமஸ் பிளாட்டர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், பிரபுக்கள் சாகும்போது தம் உடைகளை வேலையாட்களுக்கு எழுதி வைப்பார்கள், அவர்கள் அதை நடிகர்களுக்கு விற்றுவிடுவார்கள் என்று குறித்திருக்கிறார்.

#7 பேங்க்சைட் பாண்டியன்

கணக்குப்பிள்ளைக்குக் கணக்கேடு எப்போது எப்படி எழுதப்பட்டது என்பதையும் சொல்லித் தரவேண்டியிருக்கிறது. குழுவுக்காகச் செய்த செலவுகளை ஹென்ஸ்லோ ஒழுங்காக வரிசைப்படுத்தி எழுதத் தொடங்கியது 1597 கடைசியில். அதற்கு முன் இருப்பது பெரும்பாலும் தினவரவு. ‘ஃபாஸ்டஸ்’ 1594-லேயே ஓடிக்கொண்டிருந்தது. ரோமும் அப்போதே செய்யப்பட்டிருந்தால் செலவு எழுத ஏடே இல்லை. சிம்மாசனம் அரங்கின் கட்டடச் செலவு, அதனால் எழுதினார்.

உடைக்குக் காசு போனது உண்மை. யார் மறுத்தது? ரோம் துணிதானா இல்லையா என்பதுதான் கேள்வி.

#8 தச்சன்மகன்

பாண்டியன் அண்ணே, துணிதான்னு வச்சுக்குவோம். எங்கே கட்டுவீங்க?

ரோஸோட அடித்தளத்தை 1989-ல தோண்டி எடுத்தாங்க. மேடை பின்பக்கம் சுமார் 37 அடி, முன்பக்கம் போகப்போகக் குறுகி 27 அடி. ஆழம் 16 அடி சொச்சம். மூணு பக்கமும் ஆள் நிக்குது, மாடத்துல ஆள் உக்காந்திருக்கு. பின்சுவர்ல கதவு இருக்கு, அது வழியாத்தான் நடிகன் வரணும் போகணும். முழு அகலத்துக்கும் துணியைத் தொங்கவிட்டா கதவை மூடிடும். கதவுக்கு மேல மட்டும் சின்னதா தொங்கவிட்டா, பக்கவாட்டு மாடத்துல இருக்கிறவனுக்கு ஏழு குன்றும் ஒரே கோடாத்தான் தெரியும். மேல கூரை நிழல் வேற. மத்தியானம் ரெண்டு மணி வெளிச்சத்துல அந்தச் சுவர் எவ்வளவு பளிச்சுனு தெரிஞ்சிருக்கும்?

1600 ஜனவரி 8-ல பார்ச்சூன் அரங்கம் கட்ட ஹென்ஸ்லோவும் ஆலனும் பீட்டர் ஸ்ட்ரீட்ங்கிற தச்சரோட போட்ட ஒப்பந்தம் இருக்கு. 440 பவுண்டு. வெளிப்பக்கம் 80 அடிச் சதுரம், உள்ளே 55. மேடை 43 அடி அகலம், முற்றத்தோட நடு வரைக்கும் நீட்டணும். மாடி உயரம் 12, 11, 9 அடி. மேடைக்கு அடியில ஓக் பலகை அடைச்சுக் கட்டணும்கிற வரைக்கும் எழுதியிருக்கு. படுதா மாட்டச் சட்டம், கப்பி, உருளைக்கட்டைனு ஒரு வார்த்தை இல்ல.

#9 பேங்க்சைட் பாண்டியன்

தச்சன்மகன், அதே ஒப்பந்தத்தில் முக்கியத் தூண்களைச் சதுரமாகச் செதுக்கி, அவற்றின் உச்சியில் சடையர் (பாதி மனிதன், பாதி ஆடான வனதேவதை) உருவங்கள் வைக்கவேண்டும் என்றும் இருக்கிறதே, அதை ஏன் விழுங்கினீர்கள்? எழினியின் டி விட் ஸ்வான் அரங்கின் மரத்தூண்களைப் பற்றி என்ன எழுதினார்? கெட்டிக்காரன் கண்ணையும் ஏமாற்றும் அளவுக்குப் பளிங்கு போல வண்ணம் தீட்டியிருந்தார்கள் என்று. இதுவா வெறும் பலகை? மேலும் அந்த ஒப்பந்தத்தோடு ஒரு வரைபடமும் இணைத்திருந்தார்கள். அது தொலைந்துபோயிற்று. படுதா விவரம் அதில் இருந்திருக்கலாம்.

துணியை எங்கே கட்டுவது என்று கேட்டீர்கள். சோக நாடகம் என்றால் மேடையைச் சுற்றிக் கறுப்புத் துணி தொங்கவிடுவார்கள். 1599-இல் அச்சான ‘அழகிய பெண்களுக்கு ஓர் எச்சரிக்கை’ நாடகத்தில், மேடையில் கறுப்பு தொங்குவதைப் பார்க்கிறேன், கூட்டம் சோகத்துக்குத் தயாராகிவிட்டது என்று ஒரு பாத்திரமே சொல்கிறது. கறுப்புத் துணி தொங்கிய இடத்தில் ரோம் தொங்காதா? கதவுக்கு நேரே துணியைப் பிளந்து விட்டால் நடிகன் வந்துவிட்டுப் போகிறான்.

துணி எப்படித் தயாராகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்து அதைக் கேட்பீர்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் சித்திரக் கம்பளம் வாங்க வசதியில்லாத வீடுகளில் தீட்டிய துணிதான் சுவரில் தொங்கும். ஷேக்ஸ்பியரின் ஃபால்ஸ்டாஃப்கூடத் தன் கந்தல் சிப்பாய்களைத் தீட்டிய துணியில் வரும் பைபிள் பிச்சைக்காரன் லாசருக்கு ஒப்பிடுகிறான். லண்டன் ஓவியர்–சாயக்காரர் சங்கத்துக்கு 1581-இலேயே அரச சாசனம் கிடைத்துவிட்டது. தோல் துணுக்கைக் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரப் பசையை நீர்க்கக் கரைத்து லினன் துணியில் பூசவேண்டும். காய்ந்ததும் சீமைச் சுண்ணாம்பும் நிறப்பொடியும் அதே பசையில் குழைத்துத் தீட்டவேண்டும். பசை சூடாக இருக்கும்போதே வேலை நடக்கவேண்டும், ஆறினால் களிபோல் உறைந்துவிடும். பசை கூடிப்போனால் துணி விறைத்துச் சுருங்கும், சுருட்டும்போது வண்ணம் வெடித்து உதிரும். குறைந்துபோனால் கை பட்டாலே பொடியாக வந்துவிடும். அளவு சரியாக இருந்தால் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போகலாம். எண்ணெய் வண்ணத்தில் இந்த வசதி கிடையாது, மடித்தால் விரிசல் விடும். கைக்கெட்டும் விலையில், லண்டனில் தெருவுக்குத் தெரு தெரிந்த தொழில் இது. ஹென்ஸ்லோவுக்கு மட்டும் தெரியாதா?

#10 எழினி

துணி தீட்டத் தெரிந்திருந்தது என்பதற்குப் பக்கம் பக்கமாகச் சான்று. அந்தத் துணியில் ரோம் இருந்தது என்பதற்கு ஒன்றுகூட இல்லை. நீங்களே சொன்ன பசை மழையில் என்ன ஆகும்? முற்றத்துக்கு மேல் கூரை கிடையாது. ஈரம் ஏறினால் கறை, பூஞ்சை. லண்டன் மழைக்கு உங்கள் ஏழு குன்றும் ஒரே பருவத்தில் கரைந்திருக்கும்.

இன்னொன்று. அட்மிரல் குழு 1594–95 பருவத்தில் 38 நாடகம் ஆடியது, அதில் 21 புதியது. இன்று ஆடியதை நாளை ஆட மாட்டார்கள். வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கொரு நாடகம். இந்த ஓட்டத்தில் காட்சிக்குக் காட்சி படுதா மாற்றினார்கள் என்று நம்பச் சொல்கிறீர்களா?

#11 பேங்க்சைட் பாண்டியன்

காட்சிக்குக் காட்சி என்று நான் எங்கே சொன்னேன்? நாளுக்கொரு நாடகம் என்பது என் பக்கத்து வாதம், அம்மணி. இன்று சுருட்டிவிட்டு நாளை வேறொன்றை விரிக்க மரப் பொம்மையைவிடத் துணிதான் சுலபம். பட்டியலில் சூரிய சந்திரர் “துணி” என்றே தெளிவாக எழுதியிருக்கிறது. சூரியனுக்குத் துணி, ரோமுக்கு மட்டும் மரமா?

#12 மெழுகுவத்தி

நான் ஒன்று கேட்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பட்டியலின் மூலத்தாள் எங்கே? இல்லை. தொலைந்துவிட்டது. டல்விச் ஆவணங்களுக்குள் 19-ஆம் நூற்றாண்டில் ஜான் பெய்ன் காலியர் என்ற ஆய்வாளர் புகுந்து போலி வரிகளைச் செருகியது ஊரறிந்த கதை. ரோம் நகரமும் அவர் கைவண்ணமாக இருக்கக் கூடாதா?

#13 பேங்க்சைட் பாண்டியன்

பட்டியலை அச்சிட்டவர் ஷேக்ஸ்பியர் ஆய்வாளர் எட்மண்ட் மலோன். ஆண்டு 1790. காலியர் பிறந்தது 1789 ஜனவரியில். போலி எழுதும்போது அவருக்குப் பல் முளைத்திருந்ததா என்று மெழுகுவத்தி விசாரித்துச் சொன்னால் எல்லோருக்கும் உபகாரம்.

#14 மெழுகுவத்தி

நான் காலியர் என்றது ஒரு உதாரணத்துக்கு. நகையடிப்பது பாண்டியருக்குப் பழக்கம், ஷைலக் இழையிலேயே பார்த்தாயிற்று. மலோன் பார்த்த தாளை வேறு யாரும் பார்க்க முடியாது என்பதுதான் என் கருத்து. அது மட்டுமா? இங்கிலாந்தில் அப்போது புது வருடம் மார்ச் 25-இல் பிறக்கும். ஆகவே மார்ச் 10, 1598 என்பது நம் கணக்கில் 1599-ஆகவும் இருக்கலாம். தேதியே ஆடுகிறது, அதன்மேல் நகரம் கட்டுகிறீர்கள்.

#15 பேங்க்சைட் பாண்டியன்

ஒரு வருடம் முன்னே பின்னே போனால் ரோம் என்ன கோயம்புத்தூர் ஆகிவிடுமா?

மூலம் தொலைந்தது என்று குதிக்கிறீர்களே, எழினி தூக்கிக்கொண்டு வந்த ஸ்வான் படத்தின் மூலம் எங்கே? அதுவும் தொலைந்துவிட்டது. நம்மிடம் இருப்பது டி விட்டின் நண்பர் வான் பூக்கல் எடுத்த நகல். 1888-இல் உட்ரெக்ட் நூலகத்தில் கண்டுபிடித்தார்கள். அந்தப் படத்தை நம்பவே முடியாது. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு காட்சி, அதுவும் இன்னொருவர் கைவழியாக.

#16 மெழுகுவத்தி

ஆக, நண்பர் எடுத்த நகலை நம்பக்கூடாது. ஏறக்குறைய இருநூறு வருடம் கழித்து மலோன் எடுத்த நகலை மட்டும் நம்பவேண்டும். பார்ச்சூன் ஒப்பந்தத்தில் தொலைந்த வரைபடத்தில் படுதா இருந்திருக்கும் என்றும் நம்பவேண்டும். பாண்டியர் கட்சியில் சேரத் தகுதி, காகிதம் தொலைந்திருக்கவேண்டும்.

#17 பேங்க்சைட் பாண்டியன்

மலோன் அச்சிட்டது சொல்லுக்குச் சொல். அந்தக் கிறுக்கு எழுத்துக்கூட்டலைக்கூடத் திருத்தாமல் போட்டிருக்கிறார். வான் பூக்கல் போட்டது கோட்டோவியம். இரண்டும் நகலானாலும் வேலை வேறு. இதற்குமேல் விளக்க எனக்குப் பொறுமை இல்லை. ரோம் துணி.

#18 புதுவை வாசகி

இவ்வளவு நேரம் சண்டை போடுகிறீர்கள், அரண்மனையை யாரும் எட்டிப் பார்க்கவில்லையே? ராணி எலிசபெத் காலத்திலேயே அரண்மனை விழா அலுவலகத்தின் கணக்குகளில், மரச்சட்டத்தில் கேன்வாஸ் இழுத்துக் கட்டி வண்ணம் தீட்டிய வீடுகளும் நகரங்களும் வருகின்றன. அரண்மனையில் ஆடிய குழுக்கள்தாம் பொது அரங்கிலும் ஆடின. ஆகவே ரோம் துணியும் இல்லை, மரப் பொம்மையும் இல்லை. சட்டத்தில் அடித்த கேன்வாஸ் வீடு. தூக்கிவந்து மேடையில் ஒரு ஓரமாக நிறுத்துவது.

1605 ஜனவரி 6 அன்று ‘கருமையின் மாஸ்க்’ என்ற அரண்மனை ஆடல்பாடல் நிகழ்ச்சிக்குக் காட்சி வடிவமைப்பாளர் இனிகோ ஜோன்ஸ் செயற்கைக் கடலையே அலையடிக்க வைத்தார். அதையெல்லாம் விட்டுவிட்டுப் பலகை, துணி என்று சுற்றிச் சுற்றி வந்தால் எப்படி?

#19 எழினி

அரண்மனைக்கு ஒரு இரவுக்குக் கொட்டிய காசும், ஒரு பென்னி கொடுத்து முற்றத்தில் நிற்பவனுக்குக் காட்டியதும் ஒன்றா? தூரமும் ஆழமும் தெரிவதுபோல ஜோன்ஸ் தீட்டிய காட்சிகள் ஒரே ஒரு நாற்காலியிலிருந்து பார்த்தால்தான் சரியாகத் தெரியும். அது அரசனின் நாற்காலி. அதே ஆண்டு ஆக்ஸ்போர்டில் கிறைஸ்ட் சர்ச் கூடத்தில் அவர் போட்ட அமைப்புக்கு, அரசர் முகம் கூட்டத்துக்குத் தெரியவில்லை என்று நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினார்கள். நகர்த்தியதும் வசனம் சரியாகக் காதில் விழவில்லை. காட்சியைக் கட்டினால் சொல் சாகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இருக்கிறதா?

#20 பேங்க்சைட் பாண்டியன்

வாசகி, சட்டமானாலும் அதில் இழுத்துக் கட்டியது துணிதானே? என் கட்சிக்கு வந்ததற்கு நன்றி.

எழினி, “காட்சியைக் கட்டினால் சொல் சாகும்” என்பது மாஸ்க்குகளுக்கு வசனம் எழுதிய நாடகாசிரியர் பென் ஜான்சனின் பழைய வயிற்றெரிச்சல். மாஸ்க் நூலின் தலைப்புப் பக்கத்தில் யார் பெயர் முதலில் வருவது என்று 1631-இல் ஜோன்ஸோடு சண்டை போட்டுத் தோற்றவர் அவர். அதன் பிறகுதான் வண்ணமும் தச்சுமே மாஸ்க்கின் ஆன்மா என்று கிண்டல் கவிதை எழுதினார். அந்தக் கவிஞரின் கோபத்தையே சட்டமாக்கி, ‘இங்கிலாந்து மேடை என்றால் சொல் மட்டும்தான்’ என்று பின்னால் வந்த பேராசிரியர்கள் ஒப்பித்துவிட்டார்கள். நீங்களும் ஒப்பிக்கிறீர்கள்.

#21 புதுவை வாசகி

நான் யார் கட்சிக்கும் வரவில்லை. முப்பரிமாணமாக நிற்பது வேறு, சுவரில் தொங்குவது வேறு. வேண்டுமென்றே குழப்புகிறார்.

#22 தச்சன்மகன்

ஜான்சன் ஜோன்ஸ் மேல மட்டும் காயல, பொது மேடை மேலயும் காஞ்சாரு. அவரோட 1616 நாடகத் தொகுப்புல ஒரு முன்னுரை இருக்கு: சின்னப் பசங்களைச் சந்தோஷப்படுத்தக் கிறீச்சிட்டு இறங்குற சிம்மாசனம் என் நாடகத்துல வராது, இடி இடிக்குதுன்னு காட்ட உருட்டுற குண்டும் வராது. அப்ப மத்த இடத்துல இதெல்லாம் வந்திருக்குன்னுதானே அர்த்தம்? மேல இருக்கிற குடில்ல ராட்டினம் வச்சுக் கயிறு சுத்தி இறக்குவாங்க. கயிறு கிறீச்சிடுறது கேட்காம இருக்க வாத்தியம் வாசிப்பாங்க. 1616-ல வந்த ‘ஃபாஸ்டஸ்’ பதிப்புல சிம்மாசனம் இறங்குறப்போ இசைன்னே போட்டிருக்கு.

#23 எழினி

1616 பதிப்பை எப்படி 1594-க்குச் சாட்சியாகக் கொண்டுவருவீர்கள்? மார்லோ 1593 மே மாதமே டெட்ஃபோர்டில் குத்துப்பட்டுச் செத்தாயிற்று. ‘ஃபாஸ்டஸ்’ நாடகத்தில் கூடுதல் பகுதிகள் எழுத 1602-இல் பேர்டு, ரோலி இருவருக்கும் ஹென்ஸ்லோ 4 பவுண்டு கொடுத்திருக்கிறார். சிம்மாசனம் அவர்கள் வேலையாக இருக்கலாம்.

#24 கணக்குப்பிள்ளை

நாலு பவுண்டு என்பது பாதி நாடகத்துக்கு மேற்பட்ட விலை. நிறையவே எழுதியிருக்கவேண்டும்.

#25 மெழுகுவத்தி

இடிக்குண்டு என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது. 1613 ஜூன் 29-இல் ஷேக்ஸ்பியர் குழுவின் குளோப் அரங்கம் எரிந்ததே இந்த இடிக்கும் மின்னலுக்கும் வைத்த வெடியால்தானே? பாண்டியரின் காட்சி மோகம் கடைசியில் கூரையைக் கொளுத்திற்று.

#26 பேங்க்சைட் பாண்டியன்

இடியும் இல்லை, மின்னலும் இல்லை. ‘எட்டாம் ஹென்றி’ நாடகத்தில் அரசர் கார்டினல் வோல்சியின் வீட்டு விருந்துக்கு வரும்போது மரியாதைக்குச் சிறு பீரங்கி வெடித்தார்கள். குண்டு கிடையாது, மருந்தை அடைக்கக் காகிதமோ வேறு எதுவோ வைத்திருந்தார்கள். அந்த அடைப்பு எரிந்தபடி பறந்து ஓலைக்கூரையில் விழுந்தது. முதலில் வெறும் புகை என்று நினைத்துக் கூட்டம் நாடகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, நெருப்பு கூரையின் உள்ளேயே ஓடிச் சுற்றிவந்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்குள் தரைமட்டம். ஒருவனின் காற்சட்டையில் தீப்பிடித்து, பீர் ஊற்றி அணைத்தார்கள் என்று சர் ஹென்றி வாட்டன் எழுதியிருக்கிறார். அடுத்த வருடம் திரும்பக் கட்டியபோது ஓடு போட்டார்கள்.

இடிக்குக் குண்டை மரத் தொட்டியில் உருட்டுவார்கள், முரசு அடிப்பார்கள். மின்னலுக்கு மரப்பிசின் தூளைச் சுடரில் ஊதுவார்கள். அளவு மிஞ்சினால் புருவம் போகும், கூரை போகாது.

#27 நெறியாளர்

தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். இழையின் பொருள் ரோம் நகரம் என்று பாண்டியன் அவர்களே தலைப்பு வைத்திருக்கிறார். தயவுசெய்து அதற்குள் நிற்கவும்.

#28 பேங்க்சைட் பாண்டியன்

நான் நிற்கத்தான் பார்க்கிறேன், விடமாட்டேன் என்கிறார்கள். ரோம் துணி. மறுக்கிறவர்கள் பட்டியலில் “மரம்” என்று எழுதிய பொருட்களைப் பாருங்கள்: மரக் கோடரி, மரக் கேடயம், மர விதானம், கென்ட்டின் மரக்கால். மரமானால் ஹென்ஸ்லோ மரம் என்றே எழுதுகிறார். ரோமுக்கு அப்படி எழுதவில்லை.

#29 எழினி

சூரிய சந்திரருக்குத் துணி என்று எழுதினார் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? துணியானாலும் எழுதுகிறார். ரோமுக்கு அதையும் எழுதவில்லை. இப்போது என்ன செய்யப் போகிறீர்கள்?

#30 கணக்குப்பிள்ளை

மார்சிபன் என்றே முடிவு செய்துவிடலாம். பாதாம் மாவில் கோட்டை, கொத்தளம் செய்து பிரபு வீட்டு விருந்தில் வைப்பது அந்தக் காலத்து வழக்கம். பிரச்சினை தீர்ந்தது.

#31 பேங்க்சைட் பாண்டியன்

பாதாம் மாவு ரோமை எலி விட்டுவைக்குமா? சாமான் பட்டியலில் ஏறும் மார்சிபன் தின்கிற மார்சிபனாக இருக்க முடியாது, அதுவே பொம்மைப் பலகாரமாகத்தான் இருக்கும். கொஞ்சம் யோசித்து எழுதுங்கள்.

எழினி, துணி என்று எழுதாமல் விட்டதற்குக் காரணம், நகரம் என்றால் துணிதான் என்று கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும்.

#32 எழினி

அற்புதம். எழுதியிருந்தால் சான்று, எழுதாவிட்டால் அதைவிடப் பெரிய சான்று. கவிஞர் பிலிப் சிட்னி அப்போதே எழுதினார்: பழைய கதவில் பெரிய எழுத்தில் ‘தீப்ஸ்’ என்று எழுதி வைத்திருந்தால் எந்தக் குழந்தையாவது அதைத் தீப்ஸ் என்று நம்புமா என்று கேட்டார். ரோமும் அப்படி ஒரு பெயர்ப்பலகையாக இருக்கலாம். பலகை என்றுதான் நான் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

#33 மெழுகுவத்தி

அந்தக் காலத்துக் கூட்டத்துக்கு வேண்டியது நகரமோ துணியோ அல்ல, ரத்தம். ‘அல்காசர் போர்’ நாடகத்தின் மேடைக்குறிப்புத் தாளில் மூன்று குப்பி ரத்தமும் ஒரு ஆட்டுக் குடலும் என்று இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் கூட்டம் அலைமோதியது.

#34 பேங்க்சைட் பாண்டியன்

குடல் இல்லை. ஈரல், இதயம், நுரையீரல் சேர்ந்த தொகுதி. கறிக்கடைக்காரன் மூச்சுக்குழாயோடு கொத்தாக எடுத்துக் கொடுப்பது. இதில்கூடத் தவறு விட்டால் எப்படி?

ரத்தம் ஆட்டினுடையதோ கன்றுக்குட்டியினுடையதோ ஆகவேண்டும். மாடு கூடாது, அது கெட்டியாகிவிடும். 1584-இல் ரெஜினால்ட் ஸ்காட் செப்பிடு வித்தைகளை விளக்கும் இடத்தில் இதைக் குறித்தே சொல்கிறார். வயிற்றில் குத்திக்கொள்ளும் வித்தைக்கு அடியில் ஒரு தகடு, அதன்மேல் ரத்தப் பை, அதன்மேல் தோல்நிறத்தில் தீட்டிய போலி வயிறு. தகட்டை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அவரே சாட்சி. சீப்சைடு மதுக்கடையில் ஒரு வித்தைக்காரன் குடிபோதையில் தகடு கட்டாமல் குத்திக்கொண்டு, பால்ஸ் தேவாலய முற்றம் வரை நடந்துபோய்ச் செத்தான்.

#35 எழினி

அது சந்தையில் செய்யும் வித்தை. நாடக மேடையில் அந்தத் தகடு கட்டினார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?

#36 பேங்க்சைட் பாண்டியன்

‘அல்காசர் போர்’ தாளிலேயே இருக்கிறதே. வசனமில்லாத காட்சியில் மூன்று பேரைக் கொல்கிறார்கள். ஆளுக்கொரு குப்பி ரத்தம். ஆட்டுத் தொகுதியில் ஈரல் ஒன்று, இதயம் ஒன்று, நுரையீரல் ஒன்று. ஆளுக்கொரு உறுப்பு பிடுங்கியாயிற்று. கூட்டிப் பாருங்கள், கணக்கு இடிக்காமல் வரும்.

#37 தச்சன்மகன்

அண்ணே, ஆட்டுக்கு நுரையீரல் ரெண்டு.

#38 பேங்க்சைட் பாண்டியன்

குழாயோடு சேர்ந்து வருவதால் ஒன்றாகத்தான் எண்ணவேண்டும்.

#39 கணக்குப்பிள்ளை

எண்ணக்கூடாது. கறிக்கடையில் தொகுதியைப் பிரித்தால் நாலு உருப்படி. நாலாவது ஆள் எங்கே?